பெட்டிசத்தில் ஒரு பிழை

சுவருக்கும் காது உண்டு என்று சொல்லி வைத்தவர்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. ஏழாம் நம்பர் லயத்தில் சுவருக்குக் காது இருக்க வேண்டிய அவசியமே இல்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய பன்னிரண்டு காம்பரா வீடுகளைப் பிரிக்கிற சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி, கூரைத் தகரத்தைத் தொடாமலே நின்றுவிட்டன. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல்லிலும் சுண்ணாம்பிலும் கஞ்சத்தனம். மூன்றாம் காம்பராவில் பிள்ளை தும்மினால் நாலாம் காம்பராவிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும்.

நாகலெட்சுமிக்குப் பன்னிரண்டாவது காம்பரா. கடைசிக் காம்பரா என்பதால் அவளுக்கு ஒரே ஒரு பக்கத்து வீடுதான். அது மாரியாயியின் வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், சுவருக்கு மேலே ஒரு முழம் வெறும் இடம். அந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் அவளுக்கு உயிரும் வந்தது, கேடும் வந்தது.

கொரோனா இரண்டாவது வருஷமாக ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த வைகாசி மாதம் அது. நாடே பூட்டிக் கிடந்தாலும் தோட்டம் பூட்டவில்லை. கொழுந்துக்கு ஊரடங்கு தெரியுமா? பெண்கள் மலைக்குப் போனார்கள், அவர்களுடைய பிள்ளைகளை வைத்துப் பார்க்கப் பிள்ளைக்காம்பராவும் திறந்திருந்தது. நாகலெட்சுமி அங்கே நாலு வருஷமாக உதவியாள். பொறுப்பாக இருந்த கிழவி பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விட, அந்த இடத்துக்கு நாகலெட்சுமியைத்தான் போடுவதாகப் பேச்சு முடிந்திருந்தது. மாதக் கடைசியில் கடிதம் கொடுப்பதாகத் தோட்டத்துத் துரையே சொல்லிவிட்டார்.

கடிதம் வாங்கப் போகிற அன்றைக்கு உடுத்த அவளிடம் ஒரு நல்ல சேலை இருந்தது. சட்டைதான் இல்லை. ஊரடங்கு தளர்த்திய ஒரு நாள் தலவாக்கலைக்கு இறங்கி ஹமீத் நானாவின் தையல்கடையில் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். நாலு நாள் கழித்து ஹமீத் நானாவுக்கு நோய் என்று தெரிந்தது. பாவம், மனிதர் ஒழுங்கானவர். யார் யாருக்கு அளவெடுத்தாரோ அத்தனை பேரின் பெயரையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். மறுநாள் காலையில் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. மாத்தயா வந்து பன்னிரண்டாம் காம்பராக் கதவில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். பதினாலு நாள் உள்ளே போகக்கூடாது, வெளியே வரக்கூடாது.

வீட்டில் அவள் தனி. புருஷன் அழகன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டான். ஒன்பது வயது மகன் திலக்ஷன் பள்ளிக்கூடம் இல்லாததால் நோட்டன் பிரிட்ஜில் பெரியம்மா வீட்டுக்குப் போனவன், அவனும் அங்கேயே. ஒரு காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு, பின்னால் சமைக்க ஒரு குசினி. இதற்குள்ளே பதினாலு நாள்.

வேறு யாராவது என்றால் "அப்பாடா, பதினாலு நாள் லீவு" என்று கால் நீட்டிப் படுத்திருப்பார்கள். நாகலெட்சுமி படுக்கப் பயந்தாள். ஏன் என்று அந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவள் கொத்மலைப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். திலக்ஷன் பிறந்தது தாய் வீட்டில். பிறந்த பிறகு அவளுக்கு வந்ததும் அங்கே வைத்துத்தான். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'அது'. பிள்ளை அழுவது காதில் விழும், கை மட்டும் எழும்பாது. குளிக்கத் தோன்றாது, தின்னத் தோன்றாது, சுவரைப் பார்த்துப் படுத்தே மூன்று மாதம் போனது. அம்மா பேயோட்டியிடம் கூட்டிப் போக நினைத்தாள். அக்கா பிடிவாதமாக ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அங்கே கமறியா மிஸ்ஸி என்று ஒரு தாதி இருந்தார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடுகிற ரகம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ரகம்.

"இந்தா பாருங்க நாகலெட்சுமி, இது காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம்தான். திரும்பி வந்தாலும் வரும். வாற மாதிரி இருந்தா எழும்புற நேரத்துக்கு எழும்புங்க, முகத்த கழுவுங்க, பகல்ல பாய விரிக்காதீங்க. ஒரு நாளைக்கு ஒரு மனுசரோடயாவது வாய் தொறந்து பேசுங்க. மனசுல கெடக்குறத உள்ளயே வச்சிப் பூட்டாதீங்க" என்று அன்றைக்குச் சொன்னார். ஒன்றரை வருஷம் மாத்திரை, பிறகு நிறுத்திவிட்டார்கள். ஏழு வருஷமாக 'அது' வரவில்லை.

பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாமல் கிடந்தவளை நம்பி, பதினொரு தாய்மார் தினமும் காலையில் பிள்ளைகளைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பொறுப்பாளர் கடிதத்தை அவள் எதிர்பார்த்தது அதற்காகத்தான். 'உனக்குச் சுகமாகிவிட்டது' என்று யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற மாதிரி அவளுக்கு அது.

ஆகவே நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே மிஸ்ஸி சொன்னதை மந்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். மலைக்குப் போகிறவர்களுக்குப் பெயர் பதிகிற பெரட்டு நேரத்துக்கு எழும்பினாள். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். பாயைச் சுருட்டி, இரவு வரும்வரை தொடாதபடி அலுமாரிக்கு மேலே எட்டாத உயரத்தில் போட்டாள். குசினியைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். பிள்ளைக்காம்பராவில் எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் தூங்கும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஜெயந்தினியின் மகன் தனுஷன், பத்து மாதம், இடது தோளில் போட்டால் மட்டும் தூங்குவான். வலது தோளில் போட்டால் லயமே கூடுகிற மாதிரிக் கத்துவான்.

எல்லாம் செய்யலாம். பேச ஆள்? எல்லாரும் மலைக்குப் போய்விட்டால் லயத்தில் நாய்கூட இருக்காது. அந்த நேரத்தில்தான் சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

"நாகு, சாப்புட்டியா?"

மாரியாயிக்கு முழங்கால் வீங்கி ஒரு மாதமாக மலைக்குப் போகவில்லை. அவளுக்குப் பதிலாக மகள் பிரேமினி கூடை தூக்கிப் போகிறாள். உயர்தரம் படித்துப் பாஸ் பண்ணிய பிள்ளை. அவள் அட்டைக் கடி வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து மாரியாயி தினமும் பெருமூச்சு விடுவாள். இப்போது அவளும் பகலில் தனி, நாகலெட்சுமியும் தனி.

"இன்னும் இல்லக்கா."

"ரொட்டி சுட்டேன். வாசப்படியில வச்சிருக்கேன், நான் இங்கிட்டு வந்தப்பொறம் எடுத்துக்க. ஒண்டியா கெடந்து யோசிச்சிக்கிட்டே இருக்காத. நான் இருக்கேன்ல?"

அந்த 'நான் இருக்கேன்ல'வுக்கு நாகலெட்சுமியின் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து காலையில் ஒரு பேச்சு, மத்தியானம் ஒரு பேச்சு. முக்காலியைச் சுவர் ஓரம் போட்டு இவள் இந்தப் பக்கம் உட்காருவாள், அவள் அந்தப் பக்கம். முகம் தெரியாது. வெங்காயம் உரிக்கிற சத்தம், தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் எல்லாம் தெரியும். யார் வீட்டுக் கல்யாணம் தள்ளிப் போனது, எந்தக் கங்காணிக்கு எந்தப் பக்கம் கண் சாயும், ஊரில் உள்ள வம்பு எல்லாம் பேசினார்கள். மாரியாயி பேச ஆரம்பித்தால் மழைகூட நின்று கேட்கும். நாகலெட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் கடன்பட்டவள்தான், அதை இல்லை என்று சொல்ல முடியாது.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆறாம் நாள் விடியலில் விழித்தபோது மார்பில் கல் வைத்த மாதிரி இருந்தது. எழும்ப மனமில்லை. பாயில் சுருண்டு சுவரையே பார்த்துக் கிடந்தாள். பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு அடித்து ஓய்ந்தது. அவளுக்கு அந்தச் சுவர் தெரியும். கொத்மலையில் மூன்று மாதம் பார்த்த சுவர். வந்துவிட்டதோ என்று பயந்தாள். தட்டுத்தடுமாறி எழும்பி முகம் கழுவி முக்காலியில் உட்கார்ந்தாள். மனதில் கிடப்பதை உள்ளே வைத்துப் பூட்டாதே என்று மிஸ்ஸி சொன்னது நினைவுக்கு வந்தது. சுவருக்கு மேலே "நாகு" என்று குரல் வந்ததும் உடைந்துபோனாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கிளினிக், மாத்திரை, படுக்கை, எல்லாம். இதுவரை புருஷனிடம்கூடச் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்.

"ஒரு நாளு புள்ள அழுதுகிட்டே இருந்துச்சிக்கா. எனக்கு அந்தச் சத்தம் தாங்க முடியல. கதவ சாத்திட்டு நடந்தேன். தண்ணிக்கரையில போயி ஒரு மணித்தியாலம் உக்காந்திருந்தேன். துணி தொவச்சிக்கிட்டிருந்தவங்க பாத்துக் கூட்டியாந்தாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"புள்ள?" என்றாள் மாரியாயி.

"தொட்டில்ல இருந்துச்சி" என்றாள் நாகலெட்சுமி.

அது பொய். பிள்ளை தொட்டிலில் இல்லை. வெறும் சிமெந்துத் தரையில், ஒரு சாக்கின் மேல் கிடந்தது. அந்த ஒன்றை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. எவ்வளவு அழுக்குத் துணியை வெளியே போட்டாலும் ஒரு துணியை மனிதர் மறைத்துத்தானே வைக்கிறார்கள். அக்காவுக்கும் கமறியா மிஸ்ஸிக்கும் செத்துப்போன அம்மாவுக்கும் தரை என்று தெரியும். தொட்டில் என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான், அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

"அழுவாத நாகு. இது என்னோட போயிரும்" என்றாள் மாரியாயி. "எங் கொலதெய்வம் மேல சத்தியம்."

சொன்ன பிறகு மார்பிலிருந்த கல் இறங்கிவிட்டது. உண்மையாகவே இறங்கியது. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்தாள். மாரியாயி மத்தியானத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். சத்தியம் பண்ணிய வாய், குழம்பு வைத்த கை. இதற்கு மேல் ஒருத்தியை நம்புவதற்கு என்ன வேண்டும்?

பதினோராம் நாள் காலை ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் யோகேஸ்வரன். நல்ல மனிதர், சுற்றி வளைத்துத்தான் பேசுவார். சுகம் கேட்டார், மழை பற்றிக் கேட்டார், பிறகு தொண்டையைச் செருமினார்.

"நாகலெட்சுமி, ஒங்களப் பத்தி ஆபீசுக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் வந்திருக்கு. பேரு ஊரு ஒண்ணும் இல்ல. தொர என்கிட்ட குடுத்து விசாரிக்கச் சொன்னாரு."

மொட்டைப் பெட்டிசம் தோட்டத்தில் புதிதல்ல. கங்காணி மேல் போடுவார்கள், கணக்கப்பிள்ளை மேல் போடுவார்கள், கோயில் தலைவர் மேல் போடுவார்கள். எழுதியவன் பெயர் இல்லாத கடிதம்தான் மலைநாட்டில் அதிகம் வாசிக்கப்படுகிற கடிதம். தன் மேலும் ஒன்று வரும் என்று நாகலெட்சுமி நினைத்ததில்லை.

"என்ன சார் எழுதியிருக்கு?"

அவர் தயங்கித் தயங்கி வாசித்தார். "'மேற்படி நபர் மனநோயாளி. கிளினிக்கில் மருந்து எடுத்தவர். தான் பெற்ற பச்சைப் பிள்ளையையே தொட்டிலில் அழவிட்டுத் தண்ணீர்க்கரைக்குப் போனவர். இப்படிப்பட்டவரிடம் எங்கள் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பது? படித்த, நல்ல பிள்ளை ஒருவருக்கு இந்த வேலையைக் கொடுக்கும்படி...'"

அதற்குப் பிறகு அவர் வாசித்தது அவள் காதில் ஏறவில்லை. தொட்டிலில் என்று வந்த இடத்திலேயே அவள் நின்றுவிட்டாள்.

"இது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார் யோகேஸ்வரன். "மொட்டைப் பெட்டிசத்துக்கு எங்க போயி சாட்சி தேடுறது? நீங்க மறுத்துட்டா நான் பொய்யின்னு எழுதி மேல அனுப்பிருவேன். கடதாசி ஒங்க கைக்கு வந்திரும். நோட்டீஸ் எடுக்கிற அன்னைக்கி நானும் வாறேன், அப்ப சொன்னாப் போதும்."

ஃபோனை வைத்துவிட்டு அப்படியே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி சட்டியில் உரசுகிற சத்தம். பிறகு, தினமும் போல, வாஞ்சை குறையாமல்:

"நாகு, சாப்புட்டியா?"

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சட்டியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி கோள் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், ஊரில் கோள் சொல்லாதவர் யார்? இவள் கேட்டுக் கேட்டு வாங்கினாள். அழாதே என்றாள். சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு, கேட்டதை ஒரு தாளில் மகளுக்கு வேலையாக மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகும் கருவாட்டுக் குழம்பு கொடுத்திருக்கிறாள். நாகலெட்சுமி அதைச் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறாள். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பதில் சொல்லவில்லை. மாரியாயி இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, "தூங்குறா போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வேறு எங்காவது என்றால் எழுந்து போயிருக்கலாம். முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கதவில் மஞ்சள் நோட்டீஸ். துரோகம் செய்தவளோடு ஒரே கூரைக்குக் கீழே, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு, இன்னும் மூன்று நாள் கிடந்தாக வேண்டும். வாசற்படியில் அவள் வைக்கிற சோற்றைத் தின்றாக வேண்டும். அன்றைக்கு அந்தச் சோற்றை நாகலெட்சுமி தொடவில்லை. பாயை எட்டாத உயரத்திலிருந்து எக்கி இழுத்து விரித்துப் படுத்தாள். பகலில் விரித்த முதல் பாய் அது.

பன்னிரண்டாம் நாள் அவள் எழும்பவில்லை. பெரட்டுத் தப்பு அடித்தது கேட்டது. யாருக்கோ அடிக்கிறார்கள் என்று இருந்தது. மகன் ஃபோனில் கூப்பிட்டான், அவள் எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான். கையருகிலேயே கிடந்த ஃபோனை எடுக்கக் கை எழும்பவில்லை. பிள்ளை கூப்பிடுகிறது, கை எழும்பவில்லை. அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. இது கோபம் இல்லை, இது 'அது'. மாரியாயி வேலையைத்தான் எடுத்தாள் என்று நினைத்தால், இப்போது மகனையும் எடுக்கப் பார்க்கிறாளே!

அந்த ஆத்திரத்தில்தான் எழும்பினாள். ஆத்திரமும் சில நேரம் மருந்துதான். முதலில் மகனுக்குப் பேசினாள். பிறகு ஒன்பது வருஷமாகப் பழைய கொப்பி அட்டையில் எழுதி வைத்திருந்த நம்பரைத் தேடி எடுத்து, சுவருக்குக் கேட்காதபடி பின்குசினியில் நின்று கிளினிக்குக்குப் பேசினாள். மறுமுனையில் அதே குரல்.

"மிஸ்ஸி, நான் நாகலெட்சுமி. கொத்மல. அது திரும்ப வருது போல இருக்கு."

கமறியா மிஸ்ஸி பதறவில்லை. எப்போது தூங்கினாள், என்ன தின்றாள், தன்னையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டார். தோன்றவில்லை, ஆனால் பயமாயிருக்கிறது என்றாள். டாக்டரிடம் ஃபோனைக் கொடுத்தார், டாக்டரும் பேசினார். பெட்டிசம் வந்த கதையைக் கேட்டுவிட்டு மிஸ்ஸி சொன்னார்:

"நீங்க சொன்னது பிழையில்ல நாகலெட்சுமி. கேட்ட ஆள்தான் பிழை. அதுக்காக வாயப் பூட்டிறாதீங்க. மருந்து நாளைக்கி வரும். எனக்கு காலையிலயும் பின்னேரமும் கோல் எடுத்துப் பேசணும், சரியா? மொதல்ல போயி சாப்புடுங்க."

வாசற்படியில் மாரியாயி வைத்த சோறு ஆறிக் கிடந்தது. பட்டினி கிடந்து அவளைக் கும்பிட வைக்க முடியாது என்று நாகலெட்சுமிக்குப் புரிந்தது. ஒவ்வொரு கவளத்தையும் எதிரியின் தலையை மெல்லுவது போல மென்று, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். மறுநாள் மருத்துவிச்சி அம்மா வந்து மாத்திரை உறையைப் படியில் வைத்துவிட்டு, "நாகலெட்சுமி, கிளினிக் மருந்து!" என்று லயத்துக்கே கேட்கக் கூவிவிட்டுப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. நாகலெட்சுமி முதல் மாத்திரையை விழுங்கினாள். விழுங்கும்போதே ஒன்று தெளிவாகிவிட்டது. யோகேஸ்வரன் சாரிடம் பொய் என்று சொன்னால் இந்த உறையை எங்கே ஒளிப்பது? ஒளித்து வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் அந்தச் சுவருக்குப் பயப்படுவது?

பதினாலாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்குப் பி.எச்.ஐ. மாத்தயா வந்தார். கூடவே யோகேஸ்வரன், கையில் ஃபைலும் பேனாவும். மலையிலிருந்து வந்த பெண்கள் கூடையை இறக்காமலே வாசல்களில் நின்றார்கள். ஜெயந்தினி தனுஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிரேமினி தன் வீட்டு வாசலில் காலிலிருந்த அட்டையைத் தட்டிக்கொண்டிருந்தாள். மாத்தயா நோட்டீஸைக் கிழித்தார். பாதி வந்தது, பாதி கதவிலேயே ஒட்டிக்கொண்டது.

நாகலெட்சுமி வெளியே கால் வைத்தவுடன் மாரியாயி நொண்டிக்கொண்டு ஓடி வந்தாள். கையில் உப்பு, செத்தல் மிளகாய், ஒரு பிடி வாசல் மண். "இரு இரு, அப்பிடியே நில்லு. சுத்திப் போட்டுட்டுத்தான் மத்தது. எந்தப் படுபாவி கண்ணு பட்டுச்சோ!"

பதினாலு நாள் கழித்து அந்த முகத்தை நாகலெட்சுமி பார்த்தாள். முகத்தில் பாசம்தான் இருந்தது. நடிப்பு இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாயிக் கண்ணு, நரிக் கண்ணு, கண்ட கண்ணு, காணாத கண்ணு..." ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றும் முடிந்தது.

"அக்கா, பக்கத்துக் காம்பரா கண்ண விட்டுட்டீங்களே" என்றாள் நாகலெட்சுமி.

கை நின்றுவிட்டது.

"யோகேஸ்வரன் சார், பெட்டிசத்துக்குப் பதில் கேட்டீங்கள்ல, எழுதிக்கங்க. அது பொய்யில்ல. எனக்கு மனசுக்குச் சொகமில்லாம இருந்துச்சி. கிளினிக்குக்குப் போனேன், சொகமாச்சி. இந்தப் பதினாலு நாள்ல திரும்பவும் வந்துச்சி, திரும்பவும் மருந்து எடுக்குறேன். ஆனா பெட்டிசத்துல ஒரு பிழ இருக்கு சார். எம் புள்ள தொட்டில்ல இல்ல. வெறுந் தரையில, ஒரு சாக்கு மேல கெடந்துச்சி."  நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "தொட்டில்னு நான் ஒரே ஒருத்தங்ககிட்டதான் சொன்னேன். வெக்கத்துல சொன்ன பொய்யி. அவங்க அத அப்பிடியே எழுத வச்சிட்டாங்க."

 எல்லாருடைய கண்ணும் மாரியாயி மேல் திரும்பியது. பிரேமினி தலையைக் குனிந்தபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாரியாயி உப்பு மிளகாயைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தாள்.

"எம் புள்ள அட்டக் கடி வாங்குறத நான் எத்தன நாளக்கித்தான் பாத்துக்கிட்டிருக்கறது, நாகு?" என்றாள். மறுக்கவில்லை.

"கேட்டிருந்தா நானே தொரகிட்ட பேசியிருப்பேங்க்கா. நான் மேல போனா அவளுக்கும் ஒதவியாளு வேல இருந்துச்சி. நீங்க எங்கிட்ட கேக்கல. எம் மனசத்தான் கேட்டு வாங்குனீங்க." நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது சுத்தையும் சுத்திருங்க. பாதியில விடக்கூடாது."

மாரியாயி சுற்றினாள். வாய் அசைந்தது, வார்த்தை வரவில்லை.

மற்றவர்களாவது ஏதாவது சொல்லியிருக்கலாம். இதுவரை எத்தனை காய்ச்சலுக்கு நாகலெட்சுமி அவர்கள் பிள்ளைகளை மடியில் போட்டு வைத்திருந்திருப்பாள். ஒருத்தி வாய் திறக்கவில்லை. ஜெயந்தினி மகனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வீட்டுக்குள் போனாள். யோகேஸ்வரன் பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று மெல்ல முனகினார்.

ஆறு மணிக்கு மகன் ஃபோனில் கூப்பிட்டான். நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "அம்மா, இன்னைக்கி யாரோட பேசுனீங்க?"

"லயத்துல எல்லாரோடயும் பேசிட்டேன்டா" என்றாள்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் கடிதம் வந்தது, பிரேமினியின் பெயருக்கு; நாகலெட்சுமியை மலைக்குப் போட்டுவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நாகலெட்சுமி காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். மலைக்குப் போகிற பாதை பிள்ளைக்காம்பராவுக்குக் கீழேதான். அங்கே வரும்போதே அழுகை கேட்டது. தனுஷன். தொண்டை அடைக்கக் கத்துகிற கத்தல், நடுவில் பிரேமினியின் "ஆராரோ" பயந்து பயந்து வந்தது.

கூட வந்த பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். நாகலெட்சுமியும் பத்து அடி நடந்தாள். அவள் ஒன்றும் தெய்வம் இல்லை, 'கத்தட்டும், படித்த பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்' என்றுதான் நினைத்தாள். பதினோராவது அடி எழும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு அழுகையிலிருந்து நடந்து போன கால்கள் அவை. இப்போது அந்தச் சத்தத்தைத் தாண்டிப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டன. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. கூடையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் படி ஏறினாள்.

பிரேமினி வாசலில் பிள்ளையை வலது தோளில் போட்டுக் குலுக்கிக்கொண்டு நின்றாள். நாகலெட்சுமியைக் கண்டதும் முகம் வெளுத்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எடது தோள்ல போடு" என்றாள் நாகலெட்சுமி. வேறு ஒரு வார்த்தையும் அவளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

பிரேமினி மாற்றிப் போட்டாள். பிள்ளை இரண்டு தரம் விம்மியது, மூக்கை அவள் கழுத்தில் தேய்த்தது. அது தூங்கும்வரை நாகலெட்சுமி படியிலேயே நின்றாள். பிறகு இறங்கிக் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நேரம் கடந்து மலைக்கு வந்ததால் கங்காணி அன்றைக்கு அவளுக்கு அரைநாள் கூலிக்கான அரைப் பேர்தான் போட்டார்.